ஆடித் தள்ளுபடியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

எங்க ஊர் குச்சனூர். சின்னமனூர் பக்கத்துல, சுரபி நதிக்கரையில, சுயம்பு சனீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா தேனிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஆடி மாசத்துச் சனிக்கிழமைன்னா ஊருக்குள்ள சைக்கிள் கூட நுழைய முடியாது, அவ்வளவு கூட்டம். துணிக்கடைக்காரங்க மட்டும்தான் ஆடித் தள்ளுபடி போடுவாங்கன்னு நினைக்காதீங்க மக்களே. 2023 ஆடியில நான் தள்ளுபடியில தேடுனது ஒரு கிராபிக்ஸ் கார்டு. அதுவும் ஓவர்கிளாக் பண்றதுக்கு.

தொழில் என்னவோ பொட்டி தட்டுறதுதான். அப்பாவுக்கு பைபாஸ் ஆனதுல இருந்து பெங்களூரை விட்டுட்டு வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கேன். ஆஸ்பத்திரி செலவெல்லாம் போக முதல் தடவையா கையில கொஞ்சம் போனஸ் மிச்சம். அது வீணாப் போனா அடுத்த போனஸ் வரைக்கும் ஒண்ணும் கிடையாது. அதனால யோசனை பலமா நடந்துச்சு.

ஏன் தள்ளுபடின்னா, கொரோனா காலத்துல எதீரியம் மைனிங் பண்றவங்க கார்டையெல்லாம் வாரிக்கிட்டுப் போயிட்டாங்க. 2022 செப்டம்பர் 15-ல எதீரியம் 'மெர்ஜ்' நடந்தவுடனே அந்தத் தொழில் ஒரே நாள்ல காலி. கார்டெல்லாம் சந்தைக்குத் திரும்பி வந்துச்சு. 2021 ஜூன்ல 1,199 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3080 டிஐ, பழைய ஸ்டாக்னு சொல்லி ரிச்சி ஸ்ட்ரீட் கடையில ஒரே ஒரு பீஸ் இருக்குன்னு சென்னையில இருக்கிற நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, சீல் பிரிக்காத பெட்டிடா. புது 4070-ஐ விட ஆறாயிரம் கம்மி. சனிக்கிழமை வரைக்கும்தான்னு சொல்றாங்க."

இதே கார்டு செகண்ட் ஹேண்ட்ல இன்னும் சல்லிசா கிடைச்சுச்சு. மைனிங் கார்டுன்னாலே கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். விவரமான ஆளுங்க கோரை மெதுவாத்தான் ஓட்டுவாங்க. ஆனா மெமரியை ராத்திரி பகலா வறுத்து எடுத்துருப்பாங்க. 3080 டிஐ-ல இருக்கிறது ஜிடிடிஆர்6எக்ஸ், சும்மாவே கொதிக்கிற சாதி. சுமார் 110 டிகிரி வந்தா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அந்தச் சூட்டுல மாசக்கணக்கா கிடந்த தெர்மல் பேடு எப்படி இருக்கும்னு வெளிய இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால அது வேண்டாம்.

மிச்சம் ரெண்டு. புது 4070 வெறும் 200 வாட், 12 ஜிபி மெமரி, 192 பிட். 3080 டிஐ-யும் 12 ஜிபிதான், ஆனா 384 பிட், 350 வாட். கேம்ல பார்த்தா 3080 டிஐ ஏறக்குறைய பத்து சதவீதம் முன்னால நிக்கும். சாதாரணமா கேம் ஆடறவன் என்கிட்ட கேட்டா யோசிக்காம 4070-ன்னு சொல்லிருப்பேன். ஆனா நோண்டுறவனுக்கு? 4070-ல பவர் லிமிட்டைக் கொஞ்சூண்டுதான் ஏத்த விடுவாங்க. முடுக்குறதுக்கு அதுல திருகாணியே இல்ல.

இன்னிக்கு ஓவர்கிளாக்ல லாபம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. 1998-ல செலரான் 300ஏ-ன்னு ஒரு பிராசஸர். பஸ் வேகத்தை 66-ல இருந்து 100-க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிடும். 2002-ல ரேடியான் 9500-ல சில கார்டை சாஃப்ட்வேர்லயே 9700 மாதிரி ஆக்கினாங்க. அதெல்லாம் கொள்ளை லாபம். 2012-ல என்விடியா ஜிபியு பூஸ்ட் கொண்டு வந்ததுக்கு அப்புறம் கார்டே தன்னால முடிஞ்ச வரைக்கும் ஓடிக்குது. நமக்கு மிஞ்சுறது அஞ்சோ ஆறோ சதவீதம். அந்த அஞ்சுக்காக உசுரை விடறதுதான் சுகம் :-)

அம்மாதான் முதல் தடை. "சனிக்கிழமை யாராவது இரும்பு வாங்குவாங்களா? அதுவும் இந்த ஊர்ல இருந்துக்கிட்டு!" "அதுல பாதிக்கு மேல அலுமினியமும் செம்பும்மா"ன்னு சொன்னேன். "ஸ்க்ரூ?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. வெள்ளிக்கிழமையே பணத்தைப் போடுறதுன்னு உடன்பாடு.

அப்பா கேட்டது வேற. "எவ்வளவு கரண்ட் இழுக்கும்ப்பா?" முழு லோடுல மொத்தப் பொட்டியும் 550 வாட்னு சொன்னேன். அவர் முப்பது வருஷம் தோட்டத்துல கிணத்து மோட்டார் ஓட்டுன ஆளு. "சாயங்காலம் வோல்டேஜ் 170-க்கு இறங்குதே, அப்ப?"ன்னார். நான் வாயைப் பொளந்துட்டேன். வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் ஆம்பியரைக் கூட இழுத்து காயில் கருகும்ல, அதே கணக்குத்தான் இங்கயும். எஸ்எம்பிஎஸ் தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் உறிஞ்சிரும். 230-ல 2.4 ஆம்பியர்னா 170-ல 3.2. ஒயருக்கு அது ஒண்ணுமில்ல, என்னோட 600 விஏ யுபிஎஸ்தான் செத்துரும். அது தர்றதே 360 வாட் சொச்சம்.

ஆக ஆறாயிரம் லாபம்ங்கிறது சும்மா. 3080 டிஐ-க்கு என்விடியா சொல்றது 750 வாட் எஸ்எம்பிஎஸ். அந்தத் தலைமுறை கார்டு மில்லி செகண்டுக்கு 350-ஐத் தாண்டி எகிறிக் குதிக்கும், அதனால 850 இல்லாம நான் தொட மாட்டேன். என்கிட்ட ஏற்கனவே 850 இருந்துச்சு, தப்பிச்சேன். யுபிஎஸ் மட்டும் பெருசா மாத்தணும். அதைச் சேர்த்தா ரெண்டு கார்டும் ஒரே விலை.

அப்புறம் பில்லு. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா, தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் இல்லாம கீழ இருக்கிற ஸ்லாப் ரேட்டும் மாறிடும். அப்பா அந்த 500-ஐ எல்லைக்கோடு மாதிரி காவல் காக்கிறவர். ரெண்டு கார்டுக்கும் வித்தியாசம் 150 வாட், தினம் மூணு மணி நேரம், அறுபது நாள்... 27 யூனிட். எங்க வீடு வழக்கமா 470-ல நிக்கும். 497! மூணு யூனிட்ல தப்பிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?

வெயில் கணக்கு இன்னும் மோசம். ரிவ்யூ பண்றவங்க ரூம் 22 டிகிரி. அங்க கார்டு 65-ல ஓடுதுன்னா அது 43 டிகிரி ஏத்தம். சித்திரையில என் மாடி ரூம் 37. கூட்டிப் பாருங்க, 80. சூடு ஏற ஏற பூஸ்ட் 15 மெகாஹெர்ட்ஸ் 15 மெகாஹெர்ட்ஸா இறங்கும், ஃபேன் அலறும். பக்கத்து ரூம்ல அப்பா தூங்கணும். என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கண்டிஷன்.

இவ்வளவுக்கு அப்புறமும் 3080 டிஐ-யைத்தான் வாங்கினேன். காரணம் இதுதான்: பெரிய கார்டைச் சின்னதாக்க முடியும், சின்னதைப் பெருசாக்க முடியாது. ஆஃப்டர்பர்னர்ல கர்வைத் திறந்து 0.85 வோல்ட்ல 1800 மெகாஹெர்ட்ஸ்னு பூட்டிட்டா 350 வாட் 280 ஆகுது, கேம்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 27 யூனிட் 14 சொச்சமா சுருங்கிடுச்சு. வாங்கறதுக்கு முன்னாடி நண்பனை விட்டு மூணு விஷயம் பார்க்கச் சொன்னேன். மூணு 8-பின் கனெக்டர் இருக்கா (ஒவ்வொண்ணும் 150 வாட்), டூயல் பயாஸ் சுவிட்ச் இருக்கா, வாரண்டி பில் தேதியில இருந்தா இல்ல சீரியல் நம்பர்ல இருந்தா. பழைய ஸ்டாக்ல மூணாவதுதான் முக்கியம், ஏற்கனவே ரெண்டு வருஷம் கழிஞ்சிருக்கலாம். பில் தேதின்னு எழுதி வாங்கினான், நல்லவன்.

இப்ப எங்க வீட்ல ரெண்டு புரொஃபைல். சித்திரைக்கு அண்டர்வோல்ட், மார்கழிக்கு ஓவர்கிளாக். அந்த மார்கழியில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து வச்சா மலைக்காத்து சில்லுன்னு உள்ள வந்துச்சு. பவர் லிமிட்டை முழுசா ஏத்தி, கோர் +120-ல நிறுத்திட்டு மெமரியை மெல்ல ஏத்தினேன். +900-ல கிராஷ் ஆகல, ஆனா ஸ்கோர் இறங்குச்சு. ஜிடிடிஆர்6எக்ஸோட குசும்பு அது. தப்பு வந்தா கமுக்கமா மறுபடி அனுப்பிக்கும், வெளிய ஒண்ணுமே காட்டாது. ஸ்கோரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். +800-க்கு இறக்கினதும் டைம் ஸ்பை கிராபிக்ஸ் ஸ்கோர் 20 ஆயிரத்தைத் தாண்டிருச்சு.

கதவைத் திறந்துக்கிட்டு அப்பா வந்தார். சத்தத்துல முழிச்சிட்டார் போலன்னு பயந்துட்டேன். தண்ணி குடிக்க வந்தாராம். பொட்டி மேல கையை வச்சுப் பார்த்துட்டு, "சூடே இல்லயே, இன்னும் ஏத்தலாமேப்பா"ன்னார்.