கடலைத் தேடி ஒரு பகல்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்க் கடலுக்கு மோட்டாரில் ஒன்றரை மணிப் பிரயாணம். அதற்கு நாம் ஒரு பகல் முழுவதையும் செலவிடப்போவதைக் கேட்டு, அல்வாப் பொட்டலத்துடன் வழியனுப்ப வந்த நண்பர் சிரித்தார். பொருநை நதி தான் கொண்டுவரும் மண்ணாலேயே கடலைத் தள்ளித் தள்ளி, துறைமுகங்களையும் இடம் மாற்றி வந்திருக்கிறது. அந்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும் என்பது நமது ஆசை.

பாளையங்கோட்டையைத் தாண்டினால் கிருஷ்ணாபுரம். அங்கே அரசகுமாரியைத் தோளில் சுமந்து ஓடும் கல் குறவனைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் புறப்பட யாரால் முடியும்? ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-ல் பெர்லின் நகரத்து ஜாகர் முதலில் தோண்டினார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ. இப்போது தாழிகள் கிடக்கும் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். நம் காலடியில் மூதாதையர் உறங்குகிறார்கள். செருப்புடன் நிற்கக் கூசியது.

ஸ்ரீவைகுண்டம் அணை, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. சாதுவாகப் படியிறங்கும் இந்த நீர்தான் 2023 டிசம்பரில் ஊர்களை மூழ்கடித்தது. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இவ்வூர் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே வண்டியிலேயே தவித்தார்கள்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரத்தைத் தரிசித்து, குரும்பூரில் திரும்பி, ஏரல் வழியாக ஆற்றைக் கடந்தோம். இருபுறமும் வாழை. வாழைக்கு நடுவில் ஒரு சிற்றூர், ஒரு குளம், முதிர்ந்த வன்னிமரம் ஒன்று. இதுவா கொற்கை? பாண்டியரின் முத்துத் துறைமுகமா? யவன மாலுமிகள் 'கொல்கோய்' என்று எழுதிவைத்த பட்டினமா? கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. தொல்லியல் துறையினர் 1968-லும் 2021-லும் இங்கே அகழ்ந்து பார்த்தார்கள். நாம் கேட்டபோது ஒரு மூதாட்டி, "தோண்டினவுக போயிட்டாக, மூடின குழியில வாழை வச்சாச்சு" என்றார். இதைவிடச் சுருக்கமாகக் கொற்கையின் சரித்திரத்தை வகுப்பில் நாம் சொன்னதில்லை.

கொற்கையை மண் மூடிய பின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து வியந்த துறை அது. அதையும் கடல் கைவிட்டது. போர்த்துகீசியர் புன்னைக்காயலில் தங்கினார்கள். பின்னர் வாணிபம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது அங்கேதான். இந்தக் கடலில் முத்துக்குளிப்போ 1961-க்குப் பின் நடக்கவில்லை.

முக்காணிப் பாலம் தாண்டி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் குளிர்ச்சியில் சிறிது சிரமபரிகாரம். சாயங்காலம் புன்னைக்காயலை அடைந்தோம். பொதிகையில் பிறந்த ஆறு இங்கே ஆரவாரமின்றி, உப்பங்கழியாக விரிந்து, கடலோடு கலக்கிறது. முகத்துவாரத்தின் குறுக்கே மணல் மேடு. இப்பால் வள்ளங்கள் வரிசையாகக் காத்திருந்தன.

"தண்ணி ஏறுனாத்தான் வள்ளம் வெளிய போவும், ஸார்," என்றார் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர். "வாயில மண்ணு விழுந்துக்கிட்டே இருக்கு. எங்க தாத்தா காலத்துல இப்படி இல்லை."

கொற்கையிலும் ஒரு பெரியவர் இப்படிச் சொல்லியிருப்பார் அல்லவா? கேட்க வாயெடுப்பதற்குள் நீர் ஏறத் தொடங்கியது. பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். முதல் வள்ளம் மணலை உரசியபடியே வெளியே போயிற்று.