நடுவழியைத் தாண்டாத கும்பிடு

புதுச்சேரி சம்பா கோவில் ஞாயிறு பூசையில், சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் எல்லோரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்புவார்கள். யாரென்றே தெரியாத சுற்றுலாக்காரருக்கும் ஒரு கும்பிடும் சிரிப்பும் உண்டு. எங்கள் உறவில் ஓர் அண்ணன் தம்பிக்கு மட்டும் அது எட்டாது. பாகப்பிரிவினையில் மனம் கசந்தவர்கள். பெரியவர் வலப்பக்க பெஞ்சு, சின்னவர் இடப்பக்கம். இருவர் கும்பிடும் நடுவழியைத் தாண்டாது.

"அவன் வந்து கேட்டா நான் மன்னிக்க மாட்டேனா?" என்பார் பெரியவர். சின்னவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். மன்னிக்க இருவரும் தயார். கேட்கத்தான் ஆளில்லை.

மன்னிப்பு என்றாலே நாம் கொடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரம் நம்மை வேறிடத்துக்கு அனுப்புகிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு, சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்கிறார் இயேசு. அவன்மேல் நமக்குள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. 18ஆம் அதிகாரத்து உவமையிலும் இதே கதைதான். பத்தாயிரம் தாலந்து கடனைத் தள்ளுபடி வாங்கிய ஊழியன், வெளியே வந்து நூறு தெனாரியத்துக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான். தெனாரியம் ஒருநாள் கூலி. தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆறு கோடி நாள் கூலி தனக்கு விடப்பட்டதை, நூறு நாள் கூலிக்காக மறந்துவிட்டான்.

நாம் கடன்பட்டவர்கள் என்பதற்குப் புதுச்சேரியில் தூரம் போக வேண்டாம். சம்பா கோவிலுக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் வேதபுரீசுவரர் கோவில் இருந்தது. 1746இல் அதற்குள் அசுத்தத்தைக் கொண்டுபோய் ஊற்றியதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சி அந்தக் கோவிலையே இடித்துத் தள்ளியது. அதற்கு யேசு சபைக் குருக்கள் நெடுநாள் காத்திருந்ததையும் பிள்ளை மறைக்கவில்லை. அவர் துய்ப்ளேக்சுக்கே துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். தடுக்க முடியாத கையால் எழுதிமட்டும் வைத்தார். பதின்மூன்று ஆண்டுகளில், 1761இல், ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது நம் கோவிலும் போனது. இன்று நாம் முழந்தாளிடுவது 1791இல் எழுந்த கட்டடத்தில். வேதபுரீசுவரரும் ஈசுவரன் கோவில் தெருவில் மறுபடி குடியேறிவிட்டார். இரண்டு வாசலிலும் பூ விற்கிறார்கள். பழையதைச் சொல்லி ஊர் சண்டை போடவில்லை. அது இந்த ஊரின் பெருந்தன்மை. அதைக் காட்டி நம் கடன் தீர்ந்ததென்று நாமே எழுதிக்கொள்ள முடியாது.

நம் வீட்டுக்குள்ளும் பாக்கி இருக்கிறது. சாதி பார்த்துக் கோவிலுக்குள் எழுப்பிய சுவர் 1745இல் இடிபட்ட செய்தியும் அதே நாட்குறிப்பில் வருகிறது. செத்த பிறகும் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி இடம் என்பது தமிழ்நாட்டின் சில ஊர்களில் இன்னும் போகவில்லை. 2000 மார்ச் 12 அன்று, திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகப் போப் இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் வெளிப்படையாக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். முதலில் கேட்பதுதான் முறை என்பதை அவராவது செய்து காட்டினார்.

நாமோ தவக்காலம் வந்தால் அடிபட்டவர்களைத் தேடிப்போய் "மன்னிச்சு விட்டுடும்மா" என்கிறோம். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனோடு வாழ்பவளுக்கும் அதே புத்திமதி. ஒடிசாவில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு சிறு மகன்களையும் வண்டியோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னித்ததாக அவர் மனைவி கிளாடிஸ் சொன்னார். அது யாரும் வற்புறுத்திச் சொன்னதல்ல. வழக்கும் நிற்கவில்லை, குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. பழிவாங்குவதை மனத்திலிருந்து இறக்கி வைப்பது ஒன்று, செய்ததற்குப் பதில் சொல்ல வைப்பது வேறொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் லாபம் அடித்தவனுக்குத்தான்.

சக்கேயு கதையை நினைத்துப் பாருங்கள். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவேன் என்று அவன் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொல்கிறார். பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கிறவர்கள், யார் நம்மை நோகடித்தார்கள் என்ற பட்டியலோடு, யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்ற பட்டியலையும் எடுத்துப் போகலாம். இரண்டாவது பட்டியலில் இருப்பவர் வீட்டுக்கு நாமே நடந்து போக வேண்டும். அவர் கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர் இஷ்டம்.