படுக்கையருகில் ஒரு பெட்டி

பெரம்பலூரில் இருக்கும் என் பெரியப்பாவின் மார்பில், தோலுக்கடியில், ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. அதைச் சோதிப்பதற்கு ஆறு மாதத்துக்கொருமுறை திருச்சிக்குப் போய்வருவார். சுமார் 60 கிலோமீட்டர் பிரயாணம், அரை நாள் காத்திருப்பு, ஐந்து நிமிஷப் பரிசோதனை. போன வருஷம் பாட்டரி தீர்ந்து புதுக் கருவி பொருத்தியபோது, படுக்கையருகே வைத்துக்கொள்ள ஒரு சிறு பெட்டியும் கொடுத்தார்கள். அவர் தூங்கும்போது அது மார்பிலுள்ள கருவியை விசாரிக்கும். பாட்டரி எவ்வளவு மிச்சம், கம்பி சரியாக இருக்கிறதா, இதயம் எங்கேனும் தாளம் தப்பியதா? பதிலைச் செல்போன் கோபுரம் வழியாக அனுப்பிவிடும்.

1958-ல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக உடலுக்குள் வைத்த பேஸ்மேக்கர் சில மணி நேரமே உழைத்தது. மனிதர் சளைக்கவில்லை, இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் பெருமைப்படுவார்.

ஆனால் சென்ற ஆடியில் ஓர் இரவு அவருக்குத் தலை சுற்றிக் கண் இருண்டுவிட்டது. ஒருவரையும் எழுப்பவில்லை. விடிந்ததும் செய்தி வந்து, நான் அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டு (எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் காலைப் பலகாரம்) போய்ச் சேர்ந்தேன்.

"அடுத்த அறையில் அண்ணன் இருக்கிறாரே, கூப்பிடக் கூடாதா பெரியப்பா?"

"எதுக்குடா? பொட்டி பாத்துக்கிட்டுத்தானே இருக்குது. அங்க டாக்டரு முழிச்சிருப்பாரு."

திருச்சியில் அந்தக் கணிப்பொறியின் முன் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"ராத்திரி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை சார். காலையில் வந்துதான் திறப்போம். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைச் செருகினவர்கள் வீட்டிலிருந்தும் எச்சரிக்கை வரும். எல்லாவற்றையும் படித்துத்தானே எது நிஜம் என்று சொல்ல முடியும்? நடுவில் நேரில் வருகிறவர்களையும் பார்க்கணும்."

இப்படிக் கண்காணிக்கப்படும் 1,000 நோயாளிகளுக்கு மூன்று முழுநேர ஊழியர்கள் வேண்டும் என்று சர்வதேச இதயத் தாள வல்லுநர் சங்கங்கள் 2023-ல் சொல்லியிருக்கின்றன. பெட்டியைப் புகழ்கிறவர்கள் மிச்சமாகும் பஸ் சார்ஜைக் கணக்குப் பார்க்கிறார்கள்; இந்தப் பெண்ணின் காலை நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? அரியலூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே இதற்கென்று ஒரு நாற்காலியும், அதில் உட்கார ஓர் ஆளும் இருந்தால் எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

பெரியப்பாவின் தலைசுற்றலுக்குக் காரணம் இரவில் விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரை. அழுத்தத்தை அந்தப் பெட்டி அளப்பதே இல்லையாம். மாத்திரையைக் குறைத்தார்கள். அண்ணன் பித்தளை மணி ஒன்றை வாங்கிக் கட்டில் அருகே வைத்தார். அதைப் பெரியப்பா காப்பிக்கெல்லாம் அடிக்கிறார் என்று பெரியம்மாவுக்கு இப்போது குறை.