சிவப்பு நட்சத்திர தோஷம்

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு நட்சத்திரம் என்னை ஆட்டிப் படைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் படிவத்தில் கட்டங்களின் ஓரமாக, சின்னதாக, சிவப்பாக ஒன்று இருக்குமே... 'இதை நிரப்பாமல் நகர முடியாது மகனே' என்று மிரட்டுமே, அதேதான்.

பி.காம். முடித்துவிட்டு, பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் ஆர்டர் எடுக்கும் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். வெளியூர்க் கடைக்காரர்கள் போன் போட்டு, "நம்ம சரக்கு இருபது பெட்டி போட்டு விடுங்க" என்பார்கள். "ஆகட்டுங்க" என்று வைத்துவிடுவார்.

நம்ம சரக்கு என்றால் எது? கையில்லாத ஆர்.என்.னா, கை வைத்த ஆர்.என்.எஸ்.ஸா? 85 சென்டிமீட்டரா, 90ஆ? வெள்ளையா, கலரா? எல்லாம் அண்ணன் தலைக்குள் இருந்தது. ஆர்டர் ஸ்கிரீனில் பாதிக் கட்டம் காலி. பேக்கிங்கிலிருந்து பையன் ஓடி வருவான்.

"அண்ணா, சைஸ் போடலீங்களே?"

"அந்தக் கடைக்கு என்னைக்கும் 90 தான்டா!"

ஒருமுறை அண்ணனுக்குக் காய்ச்சல். நாலு நாள் லீவு. தலை வீட்டில் படுத்துவிட்டது. ஆபீசில் காலிக் கட்டங்கள் மட்டும் முழித்துக்கொண்டு நின்றன. முதலாளி கடுப்பாகி, சாஃப்ட்வேர்க்காரரைக் கூப்பிட்டார். "எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கிருங்க. ஒண்ணு காலியா இருந்தாலும் ஆர்டர் சேவ் ஆகக் கூடாது."

ஆக்கினார். மொத்தம் 14 சிவப்பு நட்சத்திரம்! மாடல், சைஸ், கலர்... சரி. துணியின் ஜி.எஸ்.எம்.? லேபிள் வகை? பெட்டியின் நிறம்? போனில் இருக்கும் கடைக்காரரிடம் "ஜி.எஸ்.எம். எவ்வளவுங்க?" என்றால், "துணி உங்களுதுங்க, என்னைக் கேட்டா?" என்கிறார். நியாயம்தானே!

மூன்றாம் நாளே குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டோம். எழுதுகிற கட்டமா, ஒரு புள்ளி. பட்டியலில் தேர்ந்தெடுக்கிற கட்டமா, முதலில் நிற்கிற அயிட்டம். கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் ஒரு பதில்தான்! சைஸ் பட்டியலில் முதலில் நின்றது 75. மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால், எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மார்பளவு 75 சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பையன் அளவு! முதலாளி குனிந்து தன் பனியனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அப்படியும் கப்பல் கவிழாததற்குக் காரணம் அண்ணன்தான். ஸ்கிரீனில் என்ன இருந்தாலும், நிஜ சைஸைத் துண்டுச் சீட்டில் எழுதி பேக்கிங்குக்குக் கொடுத்துவிடுவார்.

2018 தீபாவளிக்கு முன்னால் ஒரு மதியம். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது. அவருடைய ஸ்கிரீனிலேயே நான் ஆர்டரைப் போட்டேன். கடைக்காரர் சைஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் அயிட்டம், என்டர். 40 பெட்டி. சீட்டு? அது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் கடைக்காரர் போனில் கத்தினார். தீபாவளிச் சரக்கு அத்தனையும் 75! பழைய காலமாக இருந்தால், காலிக் கட்டத்தைப் பார்த்துப் பையன் ஓடி வந்திருப்பான். இப்போது கட்டம் நிரம்பியிருந்ததே! "கம்ப்யூட்டர்லயே 75னு இருந்துச்சுங்க" என்றான். நிரம்பின கட்டத்தை யார் சந்தேகப்படுகிறார்கள்?

ஆர்டரில் பதிவாகியிருந்தது அண்ணன் பெயர். முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கினார். "கண்ணு தெரியலைன்னா ஊட்ல இருக்க வேண்டியதுதானே?" என்பது வரை போய்விட்டது. அண்ணன் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் கணக்குப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டீக்கடையில்தான் வாய் வந்தது. "நான் போட்டதுங்ணா."

"தெரியும் தம்பி. நான் போட்டிருந்தா சீட்டு இருந்திருக்குமல்லோ" என்றார். அவ்வளவுதான். டீயை முழுதாகக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். சரக்கு போய்வந்த லாரி வாடகை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. சம்பளம் வாங்கின நாளிலேயே எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த மாதம்தான்!

அப்புறம் முதலாளி அண்ணனையே உட்கார வைத்துக் கேட்டார். அவர் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். கட்டாயம் மூன்றுக்கு மட்டும்: மாடல், சைஸ், கலர். கம்பெனிக்கே தெரிந்த மற்றதெல்லாம் மாடலோடு தானாக வந்துவிட வேண்டும். பட்டியலில் எதுவும் முன்கூட்டியே தேர்வாகி நிற்கக் கூடாது. கடைசியாக ஒரு வரி: 'கேட்டுச் சொல்றேன்.' அதைத் தொட்டால் ஆர்டர் சேவ் ஆகும். ஆனால், பேக்கிங்குக்குப் போகாது. யாராவது போன் போட்டுக் கேட்கிற வரை காத்திருக்கும்.

பி.காம். படித்த எனக்கு இது தோன்றவில்லை. ஜி.எஸ்.டி. பில்லில் பனியனுக்கு எச்.எஸ்.என். குறியீடு 6109. 75க்கும் அதுதான், 100க்கும் அதுதான். சர்க்காருக்கு அது போதும், போட்டுக்கொள்கிறவருக்குப் போதுமா? எது இல்லாமல் வேலை நடக்காதோ அதைக் கேட்க வேண்டும். அதையும் பதில் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். 'தெரியாது' என்று சொல்ல இடமே விடாவிட்டால், மனுஷன் பொய்தான் சொல்வான்.

போன வாரம் ஒரு பேங்க் படிவம். 'தொழில்' என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். பட்டியலில் எழுத்தாளனுக்கு இடமில்லை. முதலில் நின்றது 'விவசாயம்'. விரல் அங்கே போனது. அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசி வரை இறங்கிப் போய் 'இதர' என்பதைத் தொட்டேன். உண்மையும் அதுதானே!