எண்ணெயும் நீரும்

ஒருவரோடொருவர் ஒட்டாத இருவரைக் கண்டால், ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. தாளித்த வாணலியைக் கிணற்றடியிற் கழுவும்பொழுது அவ்வழக்கின் உண்மையைக் கண்ணாரக் காணலாம். எண்ணெய்த் துளி நீரின்மேல் மிதந்து பரந்து, கழுநீரோடு வாய்க்காலை அடைந்து மறைந்துவிடுகின்றது. கண்ணுக்கு மறைந்தமையால் அஃது இல்லாமற் போயிற்று என்று கொள்ளலாமா? போயிற்றெனின், எங்கே போயிற்று? எத்தனை நாளிற் போயிற்று? சிறுவர் வினாப் போலத் தோன்றும் இவற்றிற்கு விடை காண அறிஞர் பலர் நூறாண்டுக்கு மேலாக உழைத்திருக்கின்றனர்.

நல்லெண்ணெயாயினும் நெய்யாயினும் அதன் உடல் பெரும்பாலும் ஒரே வகைக் கட்டமைப்பு உடையது. கொழுப்பு அமிலங்கள் கிளிசரால் என்னும் பொருளோடு பிணைந்து கிடப்பதே அவ்வமைப்பு. இதனை ஆராய்ந்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தவர். அமிலமும் ஆல்கஹாலும், தம்மிடையே சிறிது நீரை வெளியேற்றிவிட்டுப் பிணையும்பொழுது உண்டாகும் பொருளுக்கு எஸ்டர் என்று பெயர். 1848இல் இப்பெயரைப் படைத்தவர் கிமெலின் என்னும் ஜெர்மானியர். காடி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் தலையையும் ஈதர் என்னும் சொல்லின் வாலையும் ஒட்டி அவர் இதனை ஆக்கினார். தமிழில் மரூஉச் சொற்கள் பிறப்பதைக் கண்டவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது.

நீரை வெளியேற்றிக் கட்டிய முடிச்சு, நீரை மீண்டும் ஏற்றால் அவிழும். ஆனால் எண்ணெய் தானாக அதனை ஏற்பதில்லை. ஏற்கச் செய்பவை நீரில் வாழும் நுண்ணுயிர்கள். அவை லைப்பேஸ் என்னும் நொதியைச் சுரந்து முடிச்சை அவிழ்க்கின்றன. விடுபட்ட கொழுப்பு அமிலம் நீண்டதொரு கார்பன் சங்கிலி. அச்சங்கிலி உயிரினுள் எவ்வாறு அறுபடுகின்றது என்பதை 1904இல் கண்டு கூறியவர் நூப் என்னும் ஜெர்மானியர். சங்கிலியின் ஒரு முனையில் உடல் எளிதில் எரிக்கவியலாத வளையம் ஒன்றை அடையாளமாகக் கட்டி, அதனை நாய்களுக்கு உணவோடு ஊட்டி, அவற்றின் சிறுநீரை அவர் ஆராய்ந்தார். சங்கிலி இரண்டிரண்டு கார்பனாகவே வெட்டுப்படுகின்றது என்பது புலப்பட்டது. பதினெட்டுக் கார்பனுடைய ஸ்டியரிக் அமிலம் எட்டு வெட்டில் ஒன்பது துண்டாகிவிடும். கரும்பைக் கணுக்கணுவாக நறுக்குவது போன்றது இது.

சங்கிலி நேராக இருந்தால் வெட்டுவது எளிது; கிளை பல விட்டிருந்தால் நொதி தடுமாறும். இந்த உண்மையை உலகம் துன்பப்பட்டே கற்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கிளைத்த சங்கிலியுடைய செயற்கைச் சலவைப்பொருள்கள் மேனாடுகளிற் பரவின. அவை துணியை வெளுத்தன. ஆனால் ஆற்றிற் சிதையாமல் தங்கி, மலை மலையாக நுரையை எழுப்பின. மேற்கு ஜெர்மனி 1961இல் இதற்கெனச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் தொழிற்சாலைகள் நேர்ச்சங்கிலிக்கு மாறின. ஒரு பொருளை விற்பதற்கு முன்பே, ‘இது நீரிற் சிதையுமா?’ என்று கேட்கும் வழக்கம் வலுப்பெற்றது இவ்வாறே.

கேட்டால் மட்டும் போதுமா? அளந்தன்றோ விடை சொல்லவேண்டும்! நுண்ணுயிர் ஒன்றை உண்ணும்பொழுது, நீரிற் கரைந்துள்ள உயிர்வளியாகிய ஆக்சிஜனைச் செலவிடுகின்றது. ஆதலின் ஆக்சிஜன் குறைந்த அளவைக் கொண்டு உண்ட அளவை அறியலாம். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வழியை 1888இல் ஹங்கேரி நாட்டு விங்க்லர் வகுத்தார். இங்கிலாந்தில் 1898இல் அமைந்த அரச ஆணைக்குழு, கழிவுநீரை ஐந்து நாள் வைத்து அளக்கும் முறையை நிலைநாட்டியது. அந்நாட்டு ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடல் சேர்ந்துவிடும் என்பதே காரணமெனச் சொல்லுவர். வெப்பம் மிகுந்த இந்தியாவில் 27 பாகை செண்டிகிரேடில் மூன்று நாள் வைத்து அளக்கும் முறையும் உண்டு.

எஸ்டர் போன்ற தனிப்பொருளுக்கு உரிய சோதனை இன்னும் கடுமையானது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1992இல் திருத்தி வெளியிட்ட முறைப்படி அதற்கு 28 நாள் தவணை. உப்புச் சத்துகள் சில கலந்த நீரில், கழிவுநீர் நிலையத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைச் சிறிதளவு விட்டு, சோதிக்கும் பொருளையே அவற்றிற்கு உணவாக இட்டு மூடிவைப்பர். உணவே இடாத குப்பி ஒன்றும், நன்கு சிதையுமென முன்பே தெரிந்த சோடியம் அசிடேட் போன்ற பொருளை இட்ட குப்பி ஒன்றும் உடனிருக்கும். முன்னது கழித்துக்கொள்வதற்கு, பின்னது நுண்ணுயிர்கள் நலமாயுள்ளனவா என்று காண்பதற்கு. முழுதும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் நூற்றுக்கு அறுபது பங்கு செலவாயின், அப்பொருள் ‘எளிதிற் சிதைவது’ எனப் பெயர் பெறும். அதுவும், சிதைவு பத்து விழுக்காட்டை எட்டிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் நிகழவேண்டும் என்பது பொதுவிதி. நூறு பங்கும் ஏன் கேட்பதில்லை? உண்டதில் ஒரு பகுதி நுண்ணுயிரின் உடலாகவே வளர்ந்துவிடுகின்றது, அது எரிவதில்லை.

எண்ணெயைச் சோதிப்பவர்க்கு மட்டும் தனித்தொல்லை ஒன்று உண்டு. அது குப்பியின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு நீரோடு கலவாமல் நிற்கும். நுண்ணுயிர்க்கு எட்டாத உணவு சிதையாமற் கிடந்தால், அது பொருளின் குற்றமா, சோதனையின் குற்றமா? அதனால் அதனை நுண்துளிகளாகச் சிதறடித்தோ, வேறொரு தூளின்மேற் பூசியோ இடுவர். இதனைச் செய்யாமல் ‘சிதையவில்லை’ என்று தீர்ப்புக் கூறுவது, இலையை எட்டாத தொலைவில் வைத்துவிட்டு விருந்தினர்க்குப் பசியில்லை என்பதை ஒக்கும்.

1998இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தார், தாவர எண்ணெயிலிருந்து எரிபொருளாக ஆக்கிய எஸ்டர்களையும் மண்ணிலிருந்து எடுத்த டீசலையும் நீரில் ஒப்பிட்டு வெளியிட்டனர். 28 நாளில் எஸ்டர்கள் ஐந்தில் நான்கு பங்களவு சிதைந்தன. டீசல் ஐந்தில் ஒரு பங்குகூடச் சிதையவில்லை. இரண்டையும் கலந்தபொழுது டீசலும் முன்னிலும் விரைந்து சிதைந்தது.

எனினும், எளிதிற் சிதைவது எவ்வளவு கொட்டினாலும் தீங்கற்றது என்று கருதுவோர் கணக்கை மறந்தவராவர். ஒலியிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர் ஒரு கிராம் முழுதும் எரிய, ஏறத்தாழ 2.9 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 பாகை வெப்பமுள்ள குளத்து நீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்திருக்கும். ஆகவே அவ்வொரு கிராம், 350 லிட்டருக்கும் மேற்பட்ட நீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துவிட வல்லது. காற்றும் நீர்த்தாவரங்களும் இழந்ததை ஈடுசெய்யும். ஆனால் மெல்ல மெல்லத்தான். ஒரே நாளிற் குடம் குடமாக எண்ணெய்க் கழிவு வந்து சேர்ந்த குட்டையில், நுண்ணுயிர்கள் விருந்துண்ணும் வேகத்திற்கு ஈடுகொடுக்க அவற்றால் இயலாது. விடியற்காலையில் அக்குட்டையின் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.