பேராலய வாசலில் ஒரு காவல் வீடு

கிளாஸ்கோவில் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையும் புனித முங்கோ பேராலயமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1865இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி கொண்டு அறுவைச் சிகிச்சை செய்து காட்டியது அந்த மருத்துவமனையில்தான். அங்கே நான் வேலை பார்த்த காலத்தில், இரவு டியூட்டி முடிந்தால் நேரே அறைக்குப் போக மனம் வராது. பேராலயத்தை ஒட்டி நடப்பேன். சதுக்கம் முடியும் இடத்தில் உயரமான வார்ப்பிரும்புக் கதவுகள். அவற்றின் பக்கத்தில் அடக்கமாக ஒரு கல்வீடு. அதைத் தாண்டி ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் குன்று முழுக்கக் கல்லறைகள். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அந்தக் கல்வீடுதான்.

நெக்ரோபோலிஸ் எனும் அந்தக் கல்லறைத் தோட்டத்தை அமைத்தது மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ் என்ற வணிகர் சங்கம். முன்மாதிரி பாரிஸின் பெர் லாஷேஸ். எல்லாச் சமயத்தாருக்கும் அங்கே இடம் உண்டு. 1832இல் முதலில் அடக்கமானவர் ஒரு யூதர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மோலெண்டினர் ஓடையின் மேல் பாலம் எழுந்தது. சவ ஊர்வலங்கள் போகும் வழி என்பதால் ஊரார் அதைப் பெருமூச்சுப் பாலம் என்றார்கள். 1838இல் கதவுகள் வந்தன. உலக உருண்டையின் மேல் பாய்மரக் கப்பல், அதுதான் வணிகர்களின் சின்னம். இரும்பில் வார்த்த அந்தக் கப்பலை விடியல் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருக்கிறேன்.

காவலர் வீடு 1839-40இல் எழுந்தது. விக்டோரியா அரியணை ஏறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். வடிவமைத்தவர் டேவிட் ஹாமில்டன். நகரின் நடுவே ராயல் எக்ஸ்சேஞ்சுக்குப் பிரம்மாண்டமான தூண்களை நிறுத்திய அதே கலைஞர், எழுபது வயதைத் தாண்டிய பிறகு இந்தச் சின்ன வீட்டுக்கும் கோடு போட்டிருக்கிறார். மாளிகைக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது காவலரின் வீட்டுக்கும் காட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தார் நினைத்தார்கள்.

வாயில் வீடுகளுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. வருகிறவர் முதலில் காண்பது அதுதான் என்பதால் முகம் அழகாக இருக்க வேண்டும். ஜன்னலில் நின்றால் வழி தெரிய வேண்டும். உள்ளே ஒரு குடும்பம் குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் வேண்டும். கல்லறை வாசலில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 1832இல் உடற்கூறியல் சட்டம் வரும்வரை, மருத்துவப் பாடத்துக்காகப் புதைத்த பிணங்களைத் திருடி விற்ற நாடு அது. மருத்துவமனையில் வேலை செய்கிற எனக்கு அந்தச் சரித்திரம் உறுத்தும். அங்கே ஒருவர் விளக்கேற்றிக் குடியிருக்கிறார் என்பது, உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

அந்த வீடு எழுந்த அதே பத்தாண்டில், 1846இலும் 1848இலும், பேராலயத்தின் மேற்குப் பக்கத்து இடைக்காலக் கோபுரங்கள் இரண்டையும் இடித்துவிட்டார்கள். புதியவை கட்டுவதாகத் திட்டம், கட்டவே இல்லை. 1877இல் ஓடையையும் மூடினார்கள். இன்று பாலத்தின் அடியில் இருப்பது விஷார்ட் தெரு. 1966இல் கல்லறைத் தோட்டமே நகராட்சியின் கைக்கு வந்தது. இவ்வளவும் மாறியும் காவலர் வீடு நிலைத்துவிட்டது.

பேராலயத்துக்கு வழிகாட்டிகள் உண்டு, புத்தகங்கள் உண்டு. வாசல் வீட்டைப் பற்றிப் பேச ஆளில்லை. காவலர் வேலை ஒழிந்தபின் பிரிட்டனில் எத்தனையோ வாயில் வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. பெரிய கட்டடத்தைக் காப்பாற்றி, அதன் வாசலைக் கைவிடுவது பாதிப் பாதுகாப்புதான். கிளாஸ்கோ போகிறவர்கள் பாலம் ஏறுமுன் அந்த வீட்டருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், இடிவதற்கு முன் அதற்காகப் பேசுங்கள்.