புத்தகம் இல்லையா, ஸ்பெல்லிங் இல்லையா?

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நூலகக் கம்ப்யூட்டரில் தமிழ்ப் புத்தகம் தேடினாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். என் பெண் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் 'சிலப்பதிகாரம்' தேடினாள். முதல் எழுத்து எஸ். ஒன்றுமே வரவில்லை. "தமிழ் புக்ஸ் எல்லாம் அங்க வெச்சிருக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அங்கே தமிழ்ப் புத்தகங்கள் போன கதை நம் டெல்லிக் கதை. பி.எல்.480 திட்டத்தில் வாங்கிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் பணம் கொடுத்தது. அதில் ஒரு பங்கு இந்தியப் புத்தகங்கள் வாங்கச் செலவானது. அதற்காக 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்' 1962-ல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. தமிழ் நூல்களும் கடல் தாண்டின.

சிக்கல் ஸ்பெல்லிங்கில். அந்தப் பட்டியல்கள் நம் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கின்றன. ஒரு தமிழ் எழுத்துக்கு எப்போதும் ஒரே ஆங்கில எழுத்து. சகரத்துக்கு எஸ் கிடையாது, சி. ககரம் எப்படி ஒலித்தாலும் கே, ஜி இல்லை. தகரத்துக்கு 'டேபிள்' என்று எழுதும்போது வரும் டி, பின்னால் ஹெச் வேண்டாம். ஒற்று மிகுந்தால் இரட்டை எழுத்து. மேலே கோடு, கீழே புள்ளி எல்லாம் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

நம் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சங்கம்' என்பதற்கு நாம் எஸ்ஸும் ஜியும் போடுகிறோம். அங்கே சியும் கேயும்! 'சங்க இலக்கியம்' தேடுபவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

இன்னொன்று. 'சிலப்பதிகாரம்' என்று முழுசாகத் தட்டினால் 'சிலப்பதிகாரத் திறனாய்வு' தப்பிப் போகலாம், கடைசி மகரம் அங்கே இல்லையே. 'சிலப்பதிகார' வரை அடித்து ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். பல பட்டியல்களில் இரண்டுமே வரும். 'ஆய்வு' கிடைக்காவிட்டால் 'ஆராய்ச்சி' போட்டுப் பாருங்கள்.

சி போட்டுத் தேடியதும் என் பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக வந்தது. "இவ்வளவா!" என்றாள்.

பேங்கில் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கணக்கு திரையில் வராது. அதற்காகப் பணம் இல்லை என்று யாராவது வீட்டுக்குப் போவார்களா? தமிழில் புத்தகம் இல்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு எழுத்தை மாற்றிக் காட்டுங்கள்.